பச்சையப்பரின் உயில் சொல்லும் பாடம்



சமீப காலமாக என்னைப் போனில் கூப்பிடும் பழைய மாணவர்கள் பலர் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள். "சார், அப்பா உயில் எழுதி வச்சிருக்கார், ரிஜிஸ்டர் பண்ணலை, செல்லுமா?" "தோப்பையும் கிணத்துப் பங்கையும் எப்படிப் பிரிக்கிறது சார்?" நான் வக்கீல் இல்லை, வாத்தியார். அதனால் ஒரு வரலாற்றுக் கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பழைய காலத்தில் நம் முன்னோர் தர்மத்தைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை இது நடக்க வேண்டும், இதைக் காப்பவர் பாதம் என் தலைமேல், கெடுப்பவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றெல்லாம் கல்வெட்டுகளில் பார்க்கலாம். அன்று தர்மத்துக்குக் காவல் அந்தப் பாவ பயம்தான். ஆனால் அவையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே கொடுத்தவை. "நான் இறந்த பிறகு என் சொத்து இன்னாருக்கு" என்று எழுதும் வழக்கம் இங்கே கம்பெனி ஆட்சியில்தான் பரவியது. 'உயில்' என்ற சொல்லே ஆங்கிலத்து 'வில்' தமிழில் உருமாறியதுதான்.

அப்படி எழுதப்பட்ட தொடக்க கால உயில்களில் பெயர் பெற்றது பச்சையப்ப முதலியாருடையது. 1754இல் பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறக்கும் முன்பே தகப்பனாரை இழந்த ஏழைப் பிள்ளை. சென்னைக்கு வந்து, இளம் வயதிலேயே துபாஷ் ஆனார். துபாஷ் என்றால் வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்ப்பாளர், வியாபாரத் தரகர் எல்லாம் ஒருவரே. பெரும் பொருள் சேர்த்தார். 1794 மார்ச் மாதம் திருவையாற்றில் இறந்தபோது அவருக்கு வயது 40தான். இறப்பதற்குச் சில நாள் முன்பு உயில் எழுதினார். கோயில் கைங்கரியங்களுக்கும் தான தர்மங்களுக்குமாக அவர் ஒதுக்கியது 1 லட்சம் வராகன். அன்றைய கணக்கில் சுமார் 3.5 லட்சம் ரூபாய்.

உயில் தெளிவாக இருந்தது. பணமும் இருந்தது. ஆனால் தர்மம் நடக்கவில்லை. நிறைவேற்ற வேண்டியவர்கள் கைக்குக் கை மாறினார்கள், சண்டை வந்தது, வழக்கு வந்தது. விஷயம் மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. (இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு முன்பு சென்னையில் இருந்த நீதிமன்றத்தின் பெயர் அது.) வருஷக்கணக்கில் இழுத்த பிறகு, நீதிமன்றம் அந்தப் பணத்தை மீட்டு, அதை நிர்வகிக்க ஒரு திட்டம் வகுத்து, தர்மகர்த்தாக்கள் குழுவிடம் ஒப்படைத்தது. இதற்குள் வட்டி குட்டி போட்டிருந்தது. கோயில் தர்மங்களுக்கு உரியதை ஒதுக்கிய பிறகும் சுமார் 4.5 லட்சம் ரூபாய் மிச்சம். அதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று முனைந்து நின்றவர் அரசு தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன்.

1842 ஜனவரி 1ஆம் தேதி சென்னை பிராட்வேயில் பச்சையப்பர் பெயரில் பள்ளி திறந்தது. உயில் எழுதி 48 வருஷம் கழித்து! 1889இல் அது கல்லூரி ஆனது. கணித மேதை ராமானுஜன் அங்கே படித்தார். பேரறிஞர் அண்ணா அங்கேதான் எம்.ஏ. படித்தார். அறக்கட்டளை இன்றும் கல்லூரிகளை நடத்துகிறது.

முடிவு நல்லதாக அமைந்தது உண்மை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அவ்வளவு பெரிய செல்வந்தர் எழுதிய உயிலே அரை நூற்றாண்டு தவித்தது. அதை மீட்க அரசு வழக்கறிஞரும் நீதிமன்றமும் தேவைப்பட்டன. நம் ஊரில் 2 ஏக்கர் தோப்புக்கு யார் வந்து நிற்பார்கள்? அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல், ஒரே கிணற்றுக்கு இரண்டு பூட்டுப் போட்ட வீடுகளை நாம் பார்க்கவில்லையா? எழுதுவது பாதி வேலைதான். அதை நிறைவேற்ற நம்பிக்கையான ஆளைக் குறிப்பிடுவது மீதிப் பாதி.

இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும், முத்திரைத்தாள் வேண்டாம். ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து, அவர் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உங்களைவிட வயதில் இளையவரை, சொத்தில் பங்கு பெறாதவரைச் சாட்சியாக வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் இன்னும் பலம்.

உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். செட்டில்மெண்ட் அப்படி இல்லை. எழுதிப் பதிந்ததும் சொத்து கைமாறிவிடும், திரும்பப் பெறுவது கடினம். பிள்ளை நல்லவன்தான், இருந்தாலும் குடியிருக்கும் வீட்டை அவசரப்பட்டு செட்டில்மெண்ட் எழுதாதீர்கள்.

புரொபேட் என்பது, இந்த உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று. சென்னை நகரத்துச் சொத்துகளுக்கு நெடுங்காலம் அது கட்டாயமாக இருந்தது. நம் பக்கத்து ஊர்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை.

பாங்கில் நாமினி போட்டாச்சே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வைக்கும் கைதான், வாரிசுகளுக்கு உரிமை அப்படியே இருக்கும். உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், தாயார் எல்லோருக்கும் சம பங்கு. "பொம்பளைப் பிள்ளைக்கு நகை போட்டாச்சு" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது. தர்மத்துக்கு எழுதுகிறவர்கள், யார் நடத்துவார், அவருக்குப் பின் யார் என்பதையும் எழுதுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே கொடுப்பதிலும் ஓர் அழகு உண்டு. நம் ராஜபாளையத்துக்காரர், சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். கொடுத்தது போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தார்.

உங்கள் அப்பா அம்மாவிடம் இதைப் பேசத் தயங்காதீர்கள். "சாவைப் பற்றிப் பேசுகிறான்" என்று முதலில் கோபப்படுவார்கள். பிள்ளைகள் நாளைக்கும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள். நம் மாணவர்களிலேயே வக்கீல்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டே எழுதுங்கள். எழுதியதை எந்த பீரோவில் வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.