சங்கிலியும் குரலும்

உப்பூருக்குத் தெற்கே, நம் இராமநாதபுரம் கடற்கரையில் அமைந்தது ஏர்வாடி. மனநோயுற்றோரை அங்குள்ள தர்காவுக்கு அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலமானது. கேரளத்திலிருந்தும் எல்லை கடந்து குடும்பங்கள் வந்தன. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் அவ்வூர்த் தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்தது. ஆனால் அது மட்டும் போதுமா? மருத்துவரும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டுமன்றோ? 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், பதிவுபெற்ற மருத்துவர் எம்மாநில நோயாளிக்கும் தொலைவிலிருந்தே ஆலோசனை வழங்க இசைவளித்தன. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

எனினும் அந்நெறிமுறைகள் மருத்துவர்க்கே உரியவை. மருத்துவ உளவியலாளர் 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டப்படி பதிவுபெற வேண்டும். உளநல ஆலோசகர்களையும் பதிவுக்குள் கொணரும் சட்டமோ 2021-இல்தான் பிறந்தது. ஆகவே, முகம் காணாக் குரலிடம் மனத்தைத் திறக்குமுன் அவர்தம் தகுதியையும் பதிவையும் கேட்டறிவோம். அது ஐயமன்று, நம் உரிமை.

ஏர்வாடிக்கு வந்த குடும்பங்களிடம் அன்பு இல்லாமலில்லை. தகுதியுள்ள துணைதான் எட்டவில்லை. இன்று அது எட்டும் தொலைவில் உள்ளது. நாணித் தயங்காது நாடுவோம்.