கோபியின் கைகளும் கல்லமேட்டு எலும்பும்: பேர்பெறாத டைனோசர்களைக் கீறுகிற கதை

ஒரு தாளையும் பென்சிலையும் கையில் கொடுத்து, "ஒரு டைனோசர் கீறு பாப்பம்" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அநேகமானோர் ரி. ரெக்ஸைத்தான் கீறுவார்கள். பெரிய தலை, வாய் நிறையப் பல்லு, ஒண்டுக்கும் உதவாத மாதிரி இரண்டு சின்னக் கை. மிச்ச ஆட்கள் நீளக் கழுத்துள்ளதையோ மூன்று கொம்புள்ளதையோ கீறுவார்கள். அதோடு சரி. இதுவரை விஞ்ஞானிகள் பெயர் வைத்த டைனோசர்கள் ஆயிரத்துக்கும் மேல். எங்களுக்குப் படமாகத் தெரிந்தவையோ விரல் விட்டு எண்ணக்கூடியவை.

ஏன் இப்படி? ரி. ரெக்ஸ் பார்க்கப் பயங்கரமாக இருக்கிறது என்பது மட்டும் காரணமில்லை. எந்த விலங்கின் எலும்பு எந்த நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே யார் காசு கொடுத்து யாரைக்கொண்டு கீறுவித்தார்கள் என்பதிலும் விடை இருக்கிறது. இன்று உலகம் முழுக்கப் பரந்திருக்கிற ஒரு கூட்டம், அதிகம் பேர் கேள்விப்படாத டைனோசர்களைத் தேடித்தேடிக் கீறி இணையத்தில் பகிர்கிறது. பலருக்கு இது தொழிலும் இல்லை. அவர்கள் ஏன் இவ்வளவு மினக்கெடுகிறார்கள் என்று விளங்கவேண்டுமென்றால் நாங்கள் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

1830 இல் இங்கிலாந்தில் ஹென்றி டி லா பெஷ் என்ற புவியியலாளர் ஒரு நீர்வர்ணப் படம் கீறினார். மேரி அனிங் என்ற பெண் லைம் ரீஜிஸ் கரையோரப் பாறைகளில் கண்டெடுத்த கடல் ஊர்வனவற்றின் உயிர்ச்சுவடுகளை வைத்து, அந்த விலங்குகள் உயிரோடு ஒன்றையொன்று வேட்டையாடுவதாக அவர் கீறியிருந்தார். மேரி தச்சுத்தொழிலாளி ஒருவரின் மகள். விஞ்ஞானச் சங்கங்கள் பெண்களைச் சேர்க்காத காலம் அது. அந்தப் படத்தின் அச்சுப் பிரதிகளை விற்ற காசு மேரிக்கு உதவியாகப் போனது. பாறையில் கிடந்த எலும்புக்குச் சதை வைத்து, தோல் போர்த்தி, ஒரு முழுக் காட்சியாகக் கீறுகிற கலையின் ஆரம்பப் படங்களில் இது ஒன்று. இதைப் 'பேலியோஆர்ட்' என்பார்கள். தொல்லுயிர் ஓவியம் என்று நாங்கள் சொல்லலாம்.

டைனோசர்களின் முறை கொஞ்சம் பிந்தி வந்தது. 1854 இல் லண்டன் சிடன்ஹாமில், கிறிஸ்டல் பலஸ் பூங்காவில், பெஞ்சமின் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்ற சிற்பி டைனோசர்களை முழு அளவில் செய்து வைத்தார். அவருக்கு ஆலோசனை சொன்னவர், 'டைனோசர்' என்ற சொல்லையே 1842 இல் உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன். அந்த இகுவானோடன் நாலு காலில் நிற்கிற, காண்டாமிருகம் மாதிரியான ஒரு மிருகம். மூக்கின் மேல் ஒரு கொம்பு வேறு. 1878 இல் பெல்ஜியத்தின் பெர்னிசார் நிலக்கரிச் சுரங்கத்தில் இகுவானோடன்கள் கூட்டமாக, முழு எலும்புக்கூடுகளாகக் கிடைத்த பிறகுதான் விசயம் வெளித்தது. அது மூக்குக் கொம்பில்லை, கைப்பெருவிரல்! ஹோக்கின்ஸின் சிலைகள் இன்றைக்கும் அதே பூங்காவில் அதே கொம்போடு நிற்கின்றன.

இதைச் சொல்லிச் சிரிப்பது லேசு. ஆனால் ஹோக்கின்ஸிடம் இருந்தது கொஞ்ச எலும்புதான். மிச்சத்தை அவர் இட்டுநிரப்பினார். இதில் வில்லங்கம் என்னவென்றால், பார்க்க வந்த சனத்துக்கு எது எலும்பு, எது ஊகம் என்று தெரியாது. முழுச் சிலையும் ஒரே நிறத்தில், ஒரே உறுதியோடு நின்றது.

அடுத்த கட்டம் அமெரிக்கா. ரி. ரெக்ஸுக்கு 1905 இல் பெயர் வைத்தவர் நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று நூதனசாலையைச் சேர்ந்த ஹென்றி ஒஸ்போர்ன். அந்த நூதனசாலைக்குப் பணக்காரப் புரவலர்கள் இருந்தார்கள், சார்ல்ஸ் நைற் என்ற அருமையான ஓவியரும் இருந்தார். பிற்காலத்தில் சிக்காகோவின் பீல்ட் நூதனசாலைக்காக நைற் கீறிய சுவரோவியத்தில் ரி. ரெக்ஸும் மூன்று கொம்பு ட்ரைசெராடொப்ஸும் நேருக்கு நேர் நிற்கின்றன. அதைப் பார்த்து எத்தனையோ புத்தகங்கள், சினிமாக்கள், விளையாட்டுப் பொம்மைகள் வந்தன. 1993 இல் 'ஜுராசிக் பார்க்' படம் வந்தபோது, எந்த டைனோசர் கதாநாயகன் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

இனி, இந்த வரிசையில் இடம் கிடைக்காத இரண்டு விலங்குகளைப் பார்ப்போம்.

முதலாவது, மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில். 1965 இல் ஸோபியா கீலன் யாவொரொவ்ஸ்கா தலைமையிலான போலந்து-மொங்கோலியக் குழு அங்கே இரண்டு கைகளைக் கண்டெடுத்தது. ஒவ்வொன்றும் 2.4 மீற்றர் நீளம். கைகளையும் வேறு சில துண்டுகளையும் தவிர உடம்பில் பெரிதாக எதுவும் இல்லை. ஹால்ஷ்கா ஒஸ்மொல்ஸ்கா, ஏவா ரொனிவிச் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1970 இல் அதற்கு டெய்னோகைரஸ் என்று பெயர் வைத்தார்கள். 'பயங்கரக் கை' என்று பொருள்.

அதன்பிறகு நாற்பது வருசத்துக்கு மேலாக அது வெறும் கைதான். சிலர் அந்தக் கைகளுக்குப் பின்னால் ஒரு ராட்சத வேட்டை மிருகத்தைக் கற்பனை பண்ணினார்கள். வேறு சிலர் கை எலும்பின் அமைப்பைக் கவனித்து, தீக்கோழி போன்ற டைனோசர்களின் பெரிய சொந்தக்காரன் என்றார்கள். 2014 இல் கொரிய விஞ்ஞானி யூங்-நாம் லீயின் குழு இன்னும் இரண்டு எலும்புக்கூடுகளை விவரித்தபோது, தீக்கோழிக் கட்சிதான் சரியென்று தெரிந்தது. ஆனாலும் வந்து நின்ற விலங்கு ஒருவரும் நினைக்காத ஒன்று. ஏறத்தாழ 11 மீற்றர் நீளம். முதுகில் திமில். தாரா மாதிரி அகன்ற, பல்லில்லாத அலகு. வயிற்றுக்குள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூழாங்கற்களும் மீன் எச்சங்களும்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த எலும்புக்கூடுகளில் ஒன்றைக் கள்ளத்தனமாகத் தோண்டுகிறவர்கள் முந்திக்கொண்டு எடுத்திருந்தார்கள். தலையும் பாதமும் களவுபோய், கைமாறி, ஐரோப்பாவில் தனியார் சேகரிப்பு ஒன்றுக்குப் போயிருந்தன. அவை அடையாளம் காணப்பட்டு 2014 இல் மொங்கோலியாவுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன. அந்தத் தலை யாரோ ஒருவரின் வரவேற்பறை அலுமாரியிலேயே இருந்திருந்தால், டெய்னோகைரஸின் முகம் எப்படியிருக்கும் என்று இன்றைக்கும் ஊகித்துக்கொண்டுதான் இருப்போம்.

இரண்டாவது விலங்கு தமிழ்நாட்டில், இன்றைய அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டில் கிடைத்தது. 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் அதை விவரித்தார்கள். பெயர் ப்ருஹத்காயோசோரஸ். 'பேருடல் பல்லி' என்று வைத்துக்கொள்ளலாம். இடுப்பெலும்புத் துண்டுகள், தொடையெலும்பின் ஒரு பகுதி, முன்கை எலும்பு ஒன்று, வால் முள்ளெலும்பு ஒன்று, கணைக்கால் எலும்பு ஒன்று. அவ்வளவுதான் கிடைத்தது. ஆனால் அந்தக் கணைக்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீற்றர். முழங்காலுக்குக் கீழேயுள்ள ஒரே ஒரு எலும்பு, எங்கள் வீட்டுக் கதவின் உயரம்!

முதலில் அதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். பிறகு, நீளக் கழுத்துத் தாவர உண்ணிகளான டைட்டனோசோர் வகை என்ற முடிவுக்கு வந்தார்கள். எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. நேரே போய் எலும்பைப் பார்த்துச் சந்தேகத்தைத் தீர்க்கவும் வழியில்லை. ஏனென்றால் அது இப்போது இல்லை. உதிரக்கூடிய நிலையிலிருந்த அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்துபோயின. 2022 இல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும், அதுவரை வெளிவராத பழைய களப் படங்களை வெளியிட்டு, அது உண்மையான டைனோசர் எலும்புதான் என்று வாதிட்டார்கள். அடுத்த வருசம் வந்த ஒரு மதிப்பீடு அதன் எடையை 100 தொன்னுக்கும் மேலே கொண்டுபோனது. அது சரியென்றால், நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று எங்கள் மொழி பேசுகிற ஒரு ஊரின் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இப்படிப்பட்ட ஒன்றை எப்படிக் கீறுவது? தொல்லுயிர் ஓவியர்கள் இதற்குச் சில வழிகளைப் பழக்கமாக்கி வைத்திருக்கிறார்கள். முதலில் எலும்புக்கூட்டு வரைபு. கறுப்பான உடல் நிழலுருவுக்குள்ளே கிடைத்த எலும்புகளை வெள்ளையாகவும், கிடைக்காதவற்றைச் சாம்பல் நிறத்திலும் காட்டுவார்கள். இல்லாத பாகத்துக்கு நெருங்கிய உறவுள்ள விலங்கைப் பார்ப்பார்கள். தசைக்கும் தோலுக்கும், உயிரோடிருக்கிற உறவினர்களான பறவையையும் முதலையையும் பார்ப்பார்கள். நிறம் பெரும்பாலும் ஊகம்தான். ஆனால் எப்போதுமில்லை. 1996 இல் சீனாவில் அறிவிக்கப்பட்ட சைனோசோரொப்டெரிக்ஸின் இறகிழைகளில் நிறத்துணிக்கைகள் மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்து, அதன் வால் செம்மஞ்சளும் வெள்ளையுமாக வரிவரியாக இருந்தது என்று 2010 இல் காட்டினார்கள்.

எலும்பை மட்டும் நம்பினாலும் பிழைக்கும். ஜோன் கொன்வே, கோஸ்மன், டரன் நைஷ் ஆகியோர் 2012 இல் வெளியிட்ட 'ஓல் யெஸ்ரடேஸ்' என்ற புத்தகத்தில், இன்றைய விலங்குகளை எதிர்கால விஞ்ஞானிகள் எலும்பை மட்டும் பார்த்துக் கீறினால் எப்படியிருக்கும் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் வருகிற அன்னத்துக்கு இறகே இல்லை. சிறகெலும்பு அரிவாள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்தால் சிரிப்பு வரும். பிறகு, நாங்கள் பார்த்து வளர்ந்த எத்தனை டைனோசர் படங்கள் இப்படிப்பட்ட அன்னங்களோ என்ற யோசனையும் வரும்.

ஆகவே, பேர்பெறாத ஒரு டைனோசரைக் கீறுகிறவருக்கு இரண்டு கடமைகள் இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். ஒன்று, எது எலும்பு, எது ஊகம் என்று சொல்வது. ரி. ரெக்ஸைப் பிழையாகக் கீறினால் திருத்த ஆயிரம் பேர் வருவார்கள். கல்லமேட்டு விலங்கைப் பிழையாகக் கீறினால், அந்தப் பிழையே அதன் முகமாகிவிடும்.

மற்றது, அந்த எலும்பு யாருடைய நிலத்திலிருந்து வந்தது என்று சொல்வது. 2020 இறுதியில் உபிராஜாரா என்று பெயரிடப்பட்ட ஒரு சின்ன டைனோசர் அறிமுகமானது. தோளிலிருந்து நாடா மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இழைகளைப் பார்த்தால் எந்த ஓவியருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் அது பிரேசிலில் கிடைத்தது, இருந்ததோ ஜேர்மனியில் ஒரு நூதனசாலையில். பிரேசில் சட்டப்படி 1942 இலிருந்தே உயிர்ச்சுவடுகள் அரசின் சொத்து. பிரேசில் ஆய்வாளர்கள் சமூக வலைத்தளங்களில் குரலெழுப்ப, பல நாட்டவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆய்வுக் கட்டுரை மீளப்பெறப்பட்டது. 2023 இல் அந்த எலும்பு பிரேசிலுக்குத் திரும்பிப் போனது.

கல்லமேட்டு விலங்கை நாங்களும் கீறிப் பார்த்தோம். முதலில் முழு உடம்பையும், பின்னால் சூரியன் மறைகிற மாதிரிக் கீறினோம். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அதில் முக்கால்வாசிக்கு மேல் எங்கள் சொந்தச் சரக்கு. அதைக் கிழிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு, இன்னொரு தாளில் திரும்பத் தொடங்கினோம். உடம்பு முழுக்கப் புள்ளிக்கோடு. கிடைத்த எலும்புகள் மட்டும் அழுத்தமான கோட்டில். அந்தக் கணைக்கால் எலும்புக்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு ஆள். கீழே 'கல்லமேடு, அரியலூர். எலும்பு இப்போது இல்லை' என்று எழுதினோம்.

இரண்டு படத்தையும் பார்த்த ஒரு சின்னப்பிள்ளை புள்ளிக்கோட்டுப் படத்தைத்தான் கையிலெடுத்தது. "மிச்ச எலும்பு எங்க?" என்று கேட்டது. நாங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினோம்.