வாயடைத்தவர்கள்

வாதில் வெல்வது என்றால் என்ன? எதிராளி அதற்குமேல் பேசவில்லை, அவ்வளவுதானே. பேசாமல் போனவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று யார் எழுதிவைத்தது? பெரும்பாலும் வென்றவர் தரப்பு. கூட்டங்களில் நான் பதில் சொன்னதும் விவாதம் நின்றுபோய் எல்லாரும் டீ குடிக்க எழுந்துவிடுவதாக நண்பர்கள் கேலி பண்ணுவதுண்டு. அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்கிற கேள்வியோடுதான் 'நீலகேசி'க்குள் போனேன்.

10 சருக்கங்கள் கொண்ட சமணத் தருக்கப் பிரதி அது. நாயகி, பழையனூர் நீலி. காளி கோயிலில் உயிர்ப்பலியை நிறுத்திய முனிச்சந்திரரை மிரட்ட வந்து, மிரட்டல் பலிக்காமல், அவரிடமே அறம் கேட்டு, பிறகு ஊர் ஊராய்ப் போய் வாதிடுகிறாள். முதல் எதிராளி குண்டலகேசி.

இந்தக் குண்டலகேசி யார்? பாலி உரைகளின்படி இராசகிருகத்துச் செல்வர் மகள். தன்னைக் கொல்லப் பார்த்த திருட்டுப் புருஷனை மலையிலிருந்து தள்ளிவிட்டு, சமணத் துறவிகளிடம் சேர்ந்து தருக்கம் படித்தவள். போகிற ஊரிலெல்லாம் மணலைக் குவித்து நாவல் கிளையை நட்டுவைப்பாள். வாதுக்கு வருகிறவர் அதை மிதிக்கவேண்டும். மிதிக்கத்தான் ஆளில்லை. கடைசியில் சாவத்தியில் சாரிபுத்தர், 'ஒன்று என்பது எது?' என்று கேட்டார். அவளிடம் பதில் இல்லை. பௌத்தத்தில் சேர்ந்துவிட்டாள்.

ஆக இரண்டு பேருமே தோற்று மதம் மாறியவர்கள். மாறிய பிறகு அந்த மதத்துக்காக வாதிடுகிறவர்கள். பௌத்தக் கதையில் சமணம் படித்தவள் வாயடைத்துப் போகிறாள். சமணக் கதையில் அவளே பௌத்தராக வந்து மறுபடி தோற்கிறாள். யார் மௌனமாக வேண்டும் என்பதைப் பிரதியின் சமயம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

ஆனாலும் நீலகேசியில் பேச்சு ஓய்வதில்லை. குண்டலகேசி தோற்றதும் அவள் ஆசிரியர் அருக்கச்சந்திரன், அப்புறம் மொக்கலன், அப்புறம் புத்தரே. அதோடு விட்டாளா? ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் என்று போய்க்கொண்டே இருக்கிறாள். எதிராளி இல்லாவிட்டால் இவளுக்குச் சொல்ல எதுவும் இல்லை. எதிராளியை மறுக்க அவர் சொன்னதைச் சொல்லியும் ஆகணும்.

பேச்சு நிஜமாகவே நின்றது வேறிடத்தில். நாதகுத்தனாரின் 'குண்டலகேசி' இன்று முழுசாக இல்லை. 19 பாடல்களே மிஞ்சியிருக்கின்றன. நீலகேசியின் கேள்விக்குப் பதில் இல்லாததால் அது அழிந்துவிடவில்லை. பனையோலை நைந்துபோகும், திரும்பத் திரும்பப் பெயர்த்தெழுதணும். தமிழகத்தில் பௌத்தச் சங்கங்கள் அற்றுப்போனபின் அதற்கு ஆளில்லாமல் போச்சு. சமணர்கள் இருந்தார்கள், நீலகேசி பிழைத்தது. 1936இல் அ. சக்கரவர்த்தி அதை சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு அச்சேற்றினார்.

குண்டலகேசிப் பாட்டுகள் பலவற்றின் முதற்குறிப்புகள் அந்த உரைக்குள்தான் ஒண்டிக்கிடக்கின்றன. மறுப்பதற்காகவே எடுத்துவைத்த துணுக்குகள். அவளுடைய தரப்பு என்னவாக இருந்திருக்கும் என்று தேடுகிற எனக்கு, அவளைத் தோற்கடித்தவர்களின் ஏட்டைப் புரட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.