உயிர்ப்பூச்சிகளும் அணிகருவிகளும்: ஊடகக் கலையில் ஒரு வரலாறு

உயிருள்ள பூச்சிகளையும் உடலில் அணியும் மின்னணுக் கருவிகளையும் ஒருசேரப் பயன்படுத்தும் கலை, ஊடகக் கலையின் சிறு கிளை. 1990களில் இருந்து அது வளர்ந்து வருகிறது. பூச்சியின் அசைவையும் ஒலியையும் ஒளியையும் உணரிகள் பதிவு செய்கின்றன. கணினி அவற்றை இசையாகவோ இயந்திர இயக்கமாகவோ மாற்றுகிறது. சில படைப்புகளில் கருவி மனிதர் உடலில் இருக்கிறது. சிலவற்றில் பூச்சியின் முதுகில் ஏறுகிறது. இந்த வேறுபாட்டை வைத்தே இக்கலையை மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. சுமையை மனிதர் ஏற்று, பூச்சியை அதன் இயல்புக்கு விட்ட படைப்புகளே பூச்சியைப் பற்றி நமக்குப் புதிதாக ஏதேனும் சொல்லியிருக்கின்றன. அந்த வழியில் நடக்கத் தேவையான அனுபவமும் சூழலும் மலேசியாவின் பினாங்கில் ஏற்கெனவே இருக்கின்றன.

பூச்சியை அணியும் வழக்கம் மின்சாரத்துக்கு முந்தியது. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மக்கேச் என்னும் வண்டின் முதுகில் கற்களை ஒட்டி, சிறு சங்கிலியில் பிணைத்து, உயிரோடு சட்டையில் குத்திக்கொள்வார்கள். கியூபாவில் 19ஆம் நூற்றாண்டுப் பெண்கள் ஒளிரும் வண்டுகளைக் கூந்தலிலும் ஆடையிலும் அணிந்தார்கள். தமிழகத்தில் சிறுவர்கள் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்தார்கள். அதே இனத்து வண்டுகளின் பச்சைச் சிறகுறைகளை மஸ்லின் துணியில் வைத்துத் தைக்கும் வேலைப்பாட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் சென்னை பேர்பெற்றிருந்தது. 1888இல் லண்டனில் எல்லன் டெர்ரி லேடி மக்பெத்தாக நடித்தபோது அணிந்த ஆடையிலும் வண்டுச் சிறகுறைகள் மின்னின. இவை அனைத்திலும் பூச்சி பொருளாகவே நின்றது. அதன் நிறமும் ஒளியும் வேண்டியிருந்தன. அது என்ன செய்யும் என்பது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஊடகக் கலை அந்த நிலையை மாற்றியது. அமெரிக்க இசைக் கலைஞர் மியா மசாவோகா 1990களில் மடகாஸ்கர் சீறும் கரப்பான்களைத் தம் வெற்றுடல்மீது ஊரவிட்டார். அவை ஒளிக்கற்றைகளைக் கடக்கும்போதெல்லாம், முன்பே பதிவு செய்த அவற்றின் சீறல் ஒலித்தது. கனடியக் கலைஞர் கார்னெட் ஹெர்ட்ஸ் 2004இல் தொடங்கிய படைப்பில், ஒரு கரப்பான் பந்தின்மேல் நடக்க, அந்த நடையே மூன்று சக்கர இயந்திரம் ஒன்றை ஓட்டியது. தடை நெருங்கினால் அந்தத் திசையில் விளக்கெரியும். வெளிச்சத்தை வெறுக்கும் கரப்பான் மறுபக்கம் திரும்பும். கலைஞர் ராபின் மையர் 2015இல் பாசல் நகரில் உயிருள்ள மின்மினிகளை மின்விளக்குகளின் துடிப்போடு ஒத்திசையச் செய்தார். மூன்றிலும் பூச்சியின் நடத்தையே படைப்பின் உள்ளடக்கம். ஆனால் மூன்றும் ஒரே தரத்தவை அல்ல. ஹெர்ட்ஸின் கரப்பான் பந்தை விட்டு இறங்க முடியாதபடி முதுகில் பிணைக்கப்பட்டிருந்தது. மசாவோகாவின் கரப்பான்களுக்கு அத்தகைய பிணைப்பு இல்லை. வெளிப்பட்டு நின்றது கலைஞரின் உடல்தான்.

இதற்கிடையே பொறியியல் எதிர்த்திசையில் விரைந்தது. 2009இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஹிரோடாகா சாட்டோவும் மிஷெல் மகர்பிஸும் வண்டின் உடலில் மின்முனைகளைப் பொருத்தி, அதன் பறத்தலை வானொலி அலைகளால் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். 2013இல் கரப்பானைக் கைபேசியால் திருப்பும் ‘ரோபோரோச்’ என்னும் கருவி மாணவர்களுக்கு விற்பனைக்கு வந்தது. சாட்டோ பின்னர் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரது குழுவின் கருவி சுமந்த கரப்பான்கள் 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின் மியன்மாரில் இடிபாடுகளுக்குள் தேட அனுப்பப்பட்டன. மனித உயிரைக் காக்க உதவும் ஒன்றைக் கலைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்கலாம். மீட்புப் பணிக்கு அவசரத் தேவை என்னும் நியாயம் இருக்கிறது. காட்சிக்கூடத்தில் அந்த நியாயம் இல்லை. மேலும், கட்டளைக்கு ஏற்பத் திரும்பும் பூச்சி கட்டளையிட்டவரின் விருப்பத்தை மட்டுமே காட்டும், தன்னைக் காட்டாது. ஆகவே அது கலையாகவும் வறியது.

இன்னொரு மறுப்பும் உண்டு: பூச்சிக்கு வலி இல்லை; கொசுமருந்தில் நாளும் மடிகிறவற்றுக்கு முன் ஒரு படைப்பில் சாகும் சில பூச்சிகள் எம்மாத்திரம்? 2022இல் வெளியான இரு ஆய்வுகள் இந்த உறுதியைக் குலைக்கின்றன. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள் தேனீக்கள் எந்தப் பரிசும் இன்றி மரப் பந்துகளை மீண்டும் மீண்டும் உருட்டின. மற்றோர் ஆய்வில், சூடான இடத்தைத் தவிர்த்த தேனீக்கள், அங்கே இனிப்பு மிகுந்தபோது சூட்டைப் பொறுத்துக்கொண்டன. இவை வலி உணர்வை முழுமையாக நிறுவவில்லை. வலி இல்லை என்று சாதிப்பதற்கும் இனி இடமில்லை. கொசுமருந்து நோய்க்கு எதிரானது. அதைக் காட்டிக் கலைக்கு விலக்குக் கேட்க முடியாது. பார்வையாளர்களும் இதை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். 2012இல் லண்டன் டேட் மாடர்னில் டேமியன் ஹர்ஸ்ட்டின் படைப்பில் 9,000க்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சிகள் இறந்ததாகச் செய்தி வந்தபோது கண்டனம் எழுந்தது. 2017இல் ஹுவாங் யோங் பிங்கின் படைப்பிலிருந்த உயிருள்ள பூச்சிகளையும் ஊர்வனவற்றையும் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகம் எதிர்ப்புக்குப் பணிந்து விலக்கியது.

பினாங்கின் அனுபவம் வேறு வகையானது. தெலுக் பஹாங்கில் 1986இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, 2016இல் ‘என்டோபியா’ என விரிந்தது. அங்கே புழுவுக்குரிய செடி, கூட்டுப்புழுவின் வளர்ச்சி, சிறகு விரியும் வேளை எல்லாமே காட்சியின் பகுதி. வண்ணத்துப்பூச்சி தானாக வந்து ஒருவர் தோளில் அமர்கிறது. தானாகவே பறந்து போகிறது. வலைக்கூரைக்குள் கிடைக்கும் சுதந்திரம் முழுமையானது அன்று. ஆனாலும், யார் மேல் அமர்வது என்பதைப் பூச்சி தீர்மானிக்கிறது. பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலை ஒட்டி ஓடும் கெரியான் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்கின்றன. அவற்றின் ஒளி இணையைத் தேடும் அழைப்பு. செயற்கை வெளிச்சம் அதைக் குலைக்கும்.

பூச்சியை அணியும் பழைய வழக்கத்துக்கு இன்று மாற்றும் உண்டு. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் உருவான ‘கினோ’வில், உயிருள்ள அணிகலனின் இடத்தைத் துணிமேல் ஊரும் சிறு இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. அணிகலனாக இருப்பதற்குப் பூச்சியே தேவையில்லை என்பது அதோடு உறுதியாயிற்று. பூச்சியைப் படைப்பில் சேர்ப்பவர் அதன் நடத்தைக்காக மட்டுமே சேர்க்க வேண்டும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் கலைஞர்கள் உணரிகளைத் தங்கள் சட்டையில் தைத்துக்கொள்ளட்டும். விளக்கை அணைத்துவிட்டு ஆற்றில் போகட்டும். மின்மினியின் துடிப்பைத் தங்கள் தோலில் அதிர்வாக உணரட்டும். கருவியை மனிதர் அணிய வேண்டும், பூச்சிக்கு விலகிப்போக வழி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் காட்சிக்கூடங்களும் விழா ஏற்பாட்டாளர்களும் அனுமதிக்கு முன்நிபந்தனையாக வைக்க வேண்டும்.