சத்திய தருமச்சாலை, வடலூர்

கடலூர் மாவட்டத்து வடலூரில், இராமலிங்க அடிகளால் (1823–1874) 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், பிரபவ வருஷம் வைகாசி 11இல், ஸ்தாபிக்கப்பெற்ற அன்னசாலை. அக்காலத்தில் பார்வதிபுரம் என வழங்கிய அவ்வூர் மக்கள் மனமுவந்து எழுதிக் கொடுத்த ஏறக்குறைய எண்பது காணி நிலத்தில் இது எழுந்தது. அடிகள் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிந்து வருகிறது என்பர்.

அந்நாளைய சத்திரங்கள் பலவற்றில் பந்தி ஜாதிவாரியாகப் பிரிந்தே நடந்தது என்பதை நினைத்துப் பார்ப்பவர்க்கே, தேசம், சமயம், ஜாதி, ஆசாரம் எதையும் விசாரியாமல், பசித்து வந்தவர் என்ற ஒன்றையே தகுதியாகக் கொண்டு இலையிட்ட இச்சாலையின் அருமை முழுவதும் விளங்கும். பசி நீக்குதலே ஜீவகாருண்யத்தின் அடிப்படை என்று நிறுவும் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் அடிகளின் உரைநடை நூல் இச்சாலையின் கொள்கை விளக்கமென்றே கொள்ளத்தக்கது.

கொல்லாமையும் புலால் மறுத்தலும் அடிகள் சிறிதும் நெகிழ்த்தாத விதிகள். 1872 ஜனவரி 25இல், தைப்பூசத்தன்று, வழிபாடு தொடங்கப்பெற்ற சத்திய ஞானசபையினுள், கொலை, புலால் இரண்டையும் விட்டவர்களே புகலாம் என்று அவர் வரையறுத்தார். ஆயினும், புலால் உண்போரைப் புறவினத்தார் என வகுத்த அவரே, அவர்களுடைய பசியையும் தவறாது நீக்குதல் வேண்டும் என்று விதித்தார். சபைக்கு நிபந்தனை உண்டு, சாலைக்கு இல்லை. தம் கொள்கையைத் தளர்த்திக்கொண்டு பிறரை வரவேற்பது எளிது, அதனை இறுகப் பற்றியிருந்தும் அதற்கு உடன்படாதவனை விருந்தாக ஏற்பதோ மிகவும் அரிது. அந்த அரிய காரியத்தை அன்றாட நியமமாக்கியதே அடிகளின் பெருமை என்று கருதுகிறோம். 1865இல் அவர் கண்ட சன்மார்க்க சங்கத்தில் சேரவேண்டும் என்ற கட்டாயமும் உண்பவர்க்கு இல்லை.

1870இல் அடிகள் மேட்டுக்குப்பத்திற்குச் சென்று தங்கிய பின்னரும், 1874இல் அங்கே அவர் சித்திபெற்ற பின்னரும், அன்னதானம் தொடர்ந்தது. தென்னாட்டை வாட்டிய 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்திற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே தோன்றிவிட்டமையால், ஆபத்துக்காலத்திற்கென அமைத்த கஞ்சித்தொட்டி போலன்றி, பசி நாள்தோறும் வருவது என்றறிந்து அமைத்த நித்திய தருமமாக இதனைக் கொள்ளல் வேண்டும். இன்று இந்து சமய அறநிலையத்துறையின் நிர்வாகத்திலுள்ள இச்சாலைக்கு, உழவர்களும் வணிகர்களும் அரிசி, காய்கறி முதலியவற்றை அனுப்பி வருகின்றனர். தைப்பூச ஜோதி தரிசனத்தின்போது இவை மூட்டை மூட்டையாக வந்து சேர்கின்றன.