மாடி வீடும் அயலார் அமைதியும்

சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாற்றை எழுதுவோர் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் தொகையையே பெரிதும் எடுத்துரைப்பர். அவ்வீடுகளில் குடியேறியவர் அயலாருக்கு இடையூறு செய்தபோது, வீட்டை அளித்தவர் அதனை எவ்வாறு எதிர்கொண்டார் என்னும் வினா அத்துணை ஆராயப்படுவதில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரி முதல் நாள் தோற்றுவிக்கப்பட்டது. மறு ஆண்டு மே 25-இல் புக்கிட் ஹோ ஸ்வீயில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கிற்று. அத்தாப்புக் கூரையின்கீழ்த் தரையோடு தரையாக வாழ்ந்த மக்கள் சில ஆண்டுகளுக்குள் மாடியேறினர். அவர்தம் பழக்கங்களும் உடன் ஏறின. கம்பத்தில் சன்னல் வழியே வீசப்பட்ட போத்தல் மண்ணில் விழும். பத்தாம் மாடியிலிருந்து வீசப்பட்டதோ கீழே நடப்பவர் தலையில் விழும். செயல் ஒன்றே; உயரமே அதனைக் கொடுங்குற்றமாக்கிற்று.

தொடக்கத்தில் குடியிருந்தோர் வாடகைதாரர். அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றும் உரிமை கழகத்திடம் இருந்தது. 1964-இல் சொந்த வீட்டுத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்க வழி பிறந்தது. வாடகைதாரர் உரிமையாளரானார். உரிமையாளரை எங்ஙனம் வெளியேற்றுவது? விடை குத்தகைப் பத்திரத்திலேயே இருந்தது. வாங்கப்பட்டது 99 ஆண்டுக் குத்தகை மட்டுமே, நிலம் வாங்கியவருடையதன்று. எனவே, உயிர்கொல்லும் குப்பையை வீசியவர் தண்டனை பெற்றால் அவ்வீட்டையே மீட்டுக்கொள்ளும் அதிகாரம் 1980-களில் சட்டத்திருத்தத்தின் வழி கழகத்திற்குக் கிட்டியது.

ஈண்டுச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். வீசிய கை ஒன்று; வீடிழப்பதோ குடும்பம். மகன் எறிந்த போத்தலுக்காகப் பாட்டியும் பள்ளிப் பிள்ளையும் தெருவில் நிற்பது முறையாகுமா? கீழே நடந்து சென்றவரின் பாட்டியையும் பிள்ளையையும் நினைப்பார்க்கு இவ்வினா எளிதன்று. எனினும் குற்றத்தின் அளவைக் கடந்து தண்டனை பரவுவதை நீதியென ஒப்புதல் அரிது.

மின்தூக்கியில் சிறுநீர் கழித்தோரைப் பிடிக்கக் கழகம் கருவியையே நாடிற்று. சிறுநீரை உணர்ந்ததும் மணி ஒலிக்கும், கதவு திறவாது, காவலர் வரும்வரை குற்றவாளி உள்ளேயே நிற்க வேண்டும். அறிவியல் இப்பணிக்கும் அழைக்கப்படும் என எவர் எண்ணியிருப்பார்!

ஆனால் இரவில் நாற்காலியை இழுக்கும் ஓசைக்கும், அடுப்படியின் மணத்திற்கும் கருவி ஏது? 1978-இல் தோன்றிய வசிப்போர் குழுக்கள் அண்டை அயலாரைப் பழக்கப்படுத்த முயன்றன. 1998-இல் சமூக சமரச நிலையம் திறக்கப்பட்டது. அங்கு முடிந்த வழக்கொன்று 2011 ஆகஸ்டில் நாடறியச் செய்தியாயிற்று. சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர், அண்டை இந்தியர் வீட்டுக் கறி மணத்தைத் தாளமாட்டாது முறையிட்டனர். அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் மட்டும் கறி சமைப்பதென இந்தியக் குடும்பம் இசைந்தது. மறுதரப்பினர் அதனைச் சுவைத்துப் பார்க்க ஒப்பினர். இருதரப்பும் விரும்பி ஏற்ற உடன்பாடுதான். ஆயினும் செய்தியைப் படித்தோர் மனம் புண்பட்டது. ஆகஸ்ட் 21-இல் பல இனத்தாரும் தத்தம் வீடுகளில் கறி சமைத்தனர். ஒரு சமூகத்தின் அன்றாட உணவு மற்றொருவர்க்கு இடையூறு எனப் பதியப்படலாமா என்னும் கேள்வியை அடுப்பங்கரையே எழுப்பிற்று.

2015-இல் சமூகப் பூசல் தீர்வு நடுவர் மன்றம் அமைந்தது. தொல்லை தருபவரை இழப்பீடு செலுத்தவும், மன்னிப்புக் கேட்கவும், செயலை நிறுத்தவும் அது பணிக்கலாம். அதற்கும் அடங்காதவரை வீட்டில் தங்கவிடாது விலக்கி வைக்கும் ஆணை இறுதியில் பிறப்பிக்கப்படலாம். ஆனால் அவ்வாணை வீட்டைப் பறிப்பதன்று. தொல்லை தந்தவரை மட்டுமே வெளியே நிறுத்துகிறது. பாட்டியும் பிள்ளையும் உள்ளேயே இருப்பர்.