ஒளிபரப்புச் சட்டச் சீர்திருத்தமும் உள்ளூர் விளையாட்டு நேரலையும் (இலங்கை)

இலங்கையில் தனியார் வானொலி, தொலைக்காட்சிகளுக்கான அனுமதிப்பத்திரங்கள் இரு அரச கூட்டுத்தாபனங்களுக்காக எழுதப்பட்ட சட்டங்களின் கீழேயே வழங்கப்பட்டு வந்துள்ளன: 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டம், 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம். அனுமதி அமைச்சர் கையில். சுயாதீனச் சிக்கலின் வேரும் அதுதான். 1997இல் வந்த ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம், அச்சபைக்கு அரசிடமிருந்து போதிய சுயாதீனம் இல்லாததால் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது. 2023இன் ஒளிபரப்புச் சட்ட வரைவும் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

அன்ரனாக் காலத்து அவ்விரு கூட்டுத்தாபனச் சட்டங்கள், கல்முனை சந்தாங்கேணி மைதானத்து உதைபந்தாட்டத்தைக் கைபேசியில் முகநூல் நேரலையாக்கும் இளைஞரைக் கற்பனைகூடச் செய்யவில்லை. இந்தியாவிலோ விளையாட்டு ஒளிபரப்புக்கெனவே சட்டம் உண்டு: தேசிய முக்கியத்துவமுள்ள போட்டிகளின் ஒளிபரப்பைப் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியுடன் பகிர்வதை 2007ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.